சங்கரின் நத்தையும் நேருவின் சவுக்கும்

இந்திய அரசியல் கேலிச்சித்திரத்தின் தந்தை என்று சங்கரைச் சொல்கிறார்கள். சொல்லட்டும், தகுதியானவர்தான். ஆனால் நம் மக்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியவந்தது 2012 மே மாதத்தில். என்.சி.இ.ஆர்.டி.யின் 11ஆம் வகுப்பு அரசியல் பாடநூலில் இருந்த அவருடைய படத்தைப் பற்றி அண்ணன் தொல். திருமாவளவன் மக்களவையில் பிரச்சினை எழுப்பிய பிறகுதான். அப்போது சங்கர் இறந்தே 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சங்கர பிள்ளை 1902இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் காயங்குளத்தில் பிறந்தவர். சட்டம் படிக்கப் பம்பாய் போய், படிப்பை விட்டு, ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே பத்திரிகைகளுக்குப் படம் போட்டார். 1932இல் போத்தன் ஜோசப் அவரை டெல்லிக்கு அழைத்து இந்துஸ்தான் டைம்ஸில் சேர்த்தார். அந்த ஆண்டைக் கவனியுங்கள். பூனா ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டு அது. பத்திரிகையின் முதலாளி ஜி.டி. பிர்லா, அதே ஆண்டு தொடங்கிய அரிஜன சேவக் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. காந்தியின் மகன் தேவதாஸ் பின்னாளில் அதன் ஆசிரியரானார். அந்த அலுவலகத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் அண்ணல் அம்பேத்கர் எப்படித் தெரிந்திருப்பார் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

1948இல் 'சங்கர்ஸ் வீக்லி' என்ற சொந்த வார இதழைத் தொடங்கினார். தொடங்கி வைத்தவர் பிரதமர் நேரு. தன்னையும் விட்டுவைக்க வேண்டாம் என்று நேரு சொன்னதும், சங்கர் விட்டுவைக்காததும் பிரபலமான கதை. அபு ஆபிரகாம், ஓ.வி. விஜயன் எல்லாம் அந்த இதழில் வளர்ந்தவர்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 ஆகஸ்டில் இதழ் நின்றது. குழந்தைகளுக்காகப் புத்தக நிறுவனம், பொம்மை அருங்காட்சியகம் என்று அவர் செய்தவை பல. அவற்றில் எதையும் நாம் குறைத்துப் பேசவில்லை.

நம் பேச்சு 1949 ஆகஸ்ட் 28 இதழில் வந்த படத்தைப் பற்றியது. அரசமைப்புச் சட்டம் ஒரு நத்தை. அதன் மேல் சவுக்கோடு அம்பேத்கர். அவருக்குப் பின்னால் சவுக்கை ஓங்கி நேரு. வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம். நேருவின் சவுக்கு நத்தைக்குத்தான், அம்பேத்கருக்கல்ல என்று படித்தவர்கள் வாதாடினார்கள். இருக்கலாம்.

எங்கள் கறம்பக்குடியிலிருந்து கொஞ்ச தூரம் போனால் தஞ்சை மாவட்டம். அந்தச் சீமையில் பண்ணையாட்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும்தான் தண்டனை. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிப் போராடிய பிறகே அது ஒழிந்தது. ஆக, சங்கர் இந்தப் படத்தை வரைந்த காலத்தில் எங்கள் தாத்தாக்களின் முதுகில் தழும்பு காய்ந்திருக்காது. அவர்களுக்குச் சவுக்கு என்பது உருவகமல்ல. தலித் தலைவர் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பண்டிதர் சவுக்கை ஓங்கி நிற்க, ஊர் கூடிச் சிரிக்கும் படத்தை அவர்கள் பார்த்திருந்தால் நத்தையைத் தேடியிருக்க மாட்டார்கள்.

தாமதம் யாருடையது என்பதையும் பார்த்துவிடுவோம். வரைவு 1948 பிப்ரவரியிலேயே தயார். வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவருக்குச் சமஸ்தான வேலை, ஓரிருவர் டெல்லிக்குத் தொலைவில். சுமை முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று 1948 நவம்பர் 5 அன்று அவையில் சொன்னவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அதற்குப் பிறகு அவைக்கு வந்த திருத்தங்கள் 7,635. விவாதத்துக்கு எடுக்கப்பட்டவை 2,473. படம் வெளிவந்த நாட்களில் அவை அவற்றோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. 1949 நவம்பர் 25 உரையில் அண்ணலே கணக்குக் காட்டினார்: ஆஸ்திரேலியாவுக்கு 9 ஆண்டுகள், கனடாவுக்கு 2 ஆண்டு 5 மாதம். அவர்களுடைய சட்டங்கள் 128, 147 பிரிவுகள், நம்முடையது 395. நமக்கு ஆனது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு.

2006இல் பாடநூல் தயாரித்தவர்கள் கெட்ட எண்ணத்தில் இந்தப் படத்தைச் சேர்க்கவில்லை. இத்தனை காலம் ஏன் ஆனது என்று படத்தின் கீழே மாணவர்களைக் கேட்டிருந்தார்கள். நல்ல கேள்விதான். நத்தையைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சவுக்கைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. அதுதான் நம் வருத்தம். எதிர்ப்பு வந்ததும் ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள். புனேயில் பல்ஷிகரின் அறையைச் சிலர் அடித்து நொறுக்கியது தவறு. அதை அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. அடுத்து வந்த தோரட் குழு பல படங்களை நீக்கச் சொன்னது. குழுவில் இருந்த நம் எம்.எஸ்.எஸ். பாண்டியன் அதற்கு மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினார். அவரை நம் எதிரி என்று யாரும் சொல்லிவிட முடியாது.

உருப்படியான வேலையைச் செய்தவர் உன்னமதி சியாம சுந்தர். ஆந்திரக்காரர், தலித், தாமே கேலிச்சித்திரம் வரைபவர். 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட அம்பேத்கர் படங்களைத் தேடித் தொகுத்து 2019இல் நவயானா பதிப்பகம் வழியாகப் புத்தகமாக்கினார். சங்கரும் இருக்கிறார், ஆர்.கே. லக்ஷ்மணும் இருக்கிறார். எதையும் அவர் கிழிக்கவில்லை, மறைக்கவில்லை. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அந்த வாரம் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதி வைத்தார்.