கட்டணமா, வரியா? போலாரத்து வாகனமும் வருமான வரிக் கழிவும்

செகந்தராபாத்துக்கு வடக்கே அமைந்த போலாரம், ஹைதராபாத் கன்டின்ஜென்ட் எனப்பட்ட படையின் தலைமையிடமாக விளங்கிய ஊர். அப்படையின் செலவுக்காக, 1853ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பேரார் மாவட்டங்களின் வருவாய் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. செலவுக்குக் கணக்குக் காட்டி, மிஞ்சிய தொகையை நிஜாமுக்குத் திருப்பித் தரவேண்டும் என்பது நிபந்தனை. 1860ஆம் ஆண்டு உடன்படிக்கை, கணக்குக் கேட்கும் உரிமையை நிஜாமிடமிருந்து அகற்றியது. 1902இல் பேரார், ஆண்டுக்கு 25 லட்ச ரூபாய்க்கு நிரந்தரக் குத்தகையாக மாறியது. அடுத்த ஆண்டு அப்படையே இந்திய இராணுவத்தில் இணைக்கப்பட்டுத் தனித்தன்மையை இழந்தது. படையின் பெயரால் பெறப்பட்ட வருவாய், படை மறைந்த பின்னும் நின்றது.

ஒரு நோக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட பணம், காலப்போக்கில் அந்நோக்கத்திலிருந்து விலகிப் பொது வருவாயாகிவிடும் இதே போக்கை மோட்டார் வாகன வரியின் வரலாற்றிலும் காணலாம். இன்று போலாரத்தில் கார் வாங்கும் ஒருவர் பதிவின்போது செலுத்தும் தொகையில் எவ்வளவை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்ற வினா, இவ்வரலாற்றோடு பிணைந்தது.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1914ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் ஒழுங்குபடுத்தியது. அன்று பதிவுக்குச் செலுத்தியது, பதிவேட்டைப் பேணும் பணிக்கான கட்டணம். மோட்டார் வண்டிகள் பெருகிச் சாலைகள் சிதைந்தபோது, எம். ஆர். ஜெயகர் தலைமையிலான குழு 1927–28இல் ஆராய்ந்து, பெட்ரோல் மீது கூடுதல் தீர்வை விதித்து அதைச் சாலைகளுக்கே செலவிடப் பரிந்துரைத்தது. 1929இல் மத்திய சாலை நிதி உருவாயிற்று. சென்னை மாகாணம் 1931இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் இயற்றி, பழைய சுங்கச்சாவடிகளுக்கு மாற்றாக வாகன வரியை வைத்தது. ‘சாலையைப் பயன்படுத்துபவர் சாலைக்குத் தருகிறார்’ என்பதே அன்றைய நியாயம். நிஜாம் ஆட்சிப் பகுதியில் 1932இல் அரசு ரயில்வேயின் சாலைப் போக்குவரத்துப் பிரிவு 27 பேருந்துகளுடன் தொடங்கியது. தெலங்கானாப் பகுதிக்கும் ஆந்திரப் பகுதிக்கும் தனித்தனியே இருந்த வாகன வரிச் சட்டங்களின் இடத்தை, 1963ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச மோட்டார் வாகன வரிச் சட்டம் பிடித்தது.

அரசமைப்பு இவ்விரு வகைத் தொகைகளையும் பிரித்தே வைத்துள்ளது. வாகனங்கள் மீதான வரி, மாநிலப் பட்டியலின் 57ஆம் பதிவில் அடங்கும். பதிவுக் கட்டணமோ மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி வசூலாவது. 2016 டிசம்பரில் திருத்தப்பட்ட விதியின்படி, சொந்தப் பயன்பாட்டுக்கான இலகுரகக் காரின் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாய். அதே நாளில் செலுத்தும் ஆயுள் வரியோ, வண்டியின் விலையில் ஒரு விழுக்காடாகக் கணக்கிடப்பட்டு, காருக்கு லட்ச ரூபாயையும் கடக்கக்கூடியது. மக்கள் வழக்கில் இரண்டும் சேர்ந்து ‘ரிஜிஸ்ட்ரேஷன் செலவு’. சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு.

இவ்வேறுபாட்டை 1954இல் சீரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: வரி என்பது கைம்மாறு கருதாத கட்டாய வசூல், கட்டணம் என்பது ஒரு சேவைக்கு ஈடானது. 1962இல் ராஜஸ்தான் ஆட்டோமொபைல் டிரான்ஸ்போர்ட் வழக்கில், சாலை வசதிக்கு ஈடாக வாங்கும் வாகன வரி ‘ஈடுசெய் வரி’ என்று ஏற்கப்பட்டது. ஆந்திரத்தின் சந்தைக் கட்டணம் குறித்து 1983இல் எழுந்த ஸ்ரீநிவாச ஜெனரல் டிரேடர்ஸ் வழக்கு, கட்டணத்துக்கும் சேவைக்கும் நேருக்கு நேரான ஈடு வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தியது. இறுதியாக 2016இல் ஜிண்டால் ஸ்டெயின்லெஸ் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை, ஈடுசெய் வரி என்ற கோட்பாட்டையே கைவிட்டது. பேரார் வருவாயைப் போலவே, இங்கும் நோக்கத்தின் கணக்குக் கேட்கும் இடம் சுருங்கியது.

வருமான வரிச் சட்டம் இவ்வாதத்தில் நுழையவில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43பி பிரிவு, 1988ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், ‘எப்பெயரால் அழைக்கப்பட்டாலும்’ வரி, தீர்வை, கட்டணம் அனைத்தையும் ஒன்றாகவே நடத்தி, உரிய காலத்துக்குள் செலுத்தியிருந்தால்தான் கழிவு என்றது. ஆகவே கழிவைத் தீர்மானிப்பது பெயரன்று, இரண்டு கேள்விகள். வண்டி தொழிலுக்குப் பயன்படுகிறதா? செலவு மூலதனச் செலவா, வருவாய்ச் செலவா?

முதல் கேள்வியிலேயே சம்பளக்காரர் வெளியேறிவிடுகிறார். அவர் தமது சொந்தக் காருக்குச் செலுத்திய கட்டணத்திலோ வரியிலோ ஒரு ரூபாயும் கழிக்க வழியில்லை. தொழில் செய்பவருக்கு இரண்டாம் கேள்வி உண்டு. பெரிய சரக்கு வண்டிகளுக்குக் காலாண்டுதோறும் கட்டும் வரி, அந்தந்த ஆண்டின் வருவாய்ச் செலவு. வாங்கும்போது ஒரே முறை கட்டும் பதிவுக் கட்டணமும் ஆயுள் வரியும் பொதுவாக வண்டியின் அடக்கவிலையோடு சேர்க்கப்பட்டுத் தேய்மானமாகவே கழிகின்றன. எடுத்துக்காட்டாக, ஆயுள் வரி ஒரு லட்ச ரூபாய் என்று கொள்வோம். கட்டடக் கலைஞர் ஒருவரின் காருக்குத் தேய்மான விகிதம் 15 விழுக்காடு. முதலாண்டில் 15,000 ரூபாய். வண்டி 60 விழுக்காடு மட்டுமே தொழிலுக்கு ஓடுமானால், 38ஆம் பிரிவின்படி அது 9,000 ஆகும். அவ்வாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால், 4,500. வாடகைக்கு விடும் வண்டியாயின் விகிதம் 30 விழுக்காடு. பத்துக்கு மேற்படாத சரக்கு வண்டிகள் வைத்திருப்பவர் 44ஏஇ பிரிவின் ஊக வருமான முறையைத் தேர்ந்தால், எல்லாக் கழிவும் கொடுத்தாகிவிட்டது என்றே கருதப்படும். வாகன வரிக்குத் தனிக் கழிவு இல்லை.

காலாண்டு வரி ஆயுள் வரியாக மாறியபோது மாநிலத்துக்கு முன்பணம் கிடைத்தது; வசூல் வேலையும் குறைந்தது. அதன் மறுபக்கம் பேசப்படுவதில்லை: சிறு தொழில்முனைவோருக்கு அதுவரை ஆண்டுதோறும் முழுமையாகக் கழிந்த செலவு, பல ஆண்டுகளில் தேய்ந்து கழியும் மூலதனமாயிற்று. மாநிலத்தின் வசூல் முறையில் நேர்ந்த மாற்றம், மத்திய வரியின் கழிவை மெல்ல ஒத்திவைத்தது.

அமெரிக்காவில் இதே வினாவுக்கு விடை வேறு. அங்கு 1964ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டம் வாகன உரிமக் கட்டணங்களுக்கான கழிவை நீக்கியது. வண்டியின் மதிப்பை அடிப்படையாகக் கொண்டு ஆண்டுதோறும் விதிக்கும் சொத்து வரிக்கு மட்டும் கழிவை விட்டுவைத்தது. ஆதலால் கலிஃபோர்னியாவில், பதிவுப் பட்டியலில் மதிப்பின் 0.65 விழுக்காடான உரிமத் தொகையைத் தனியே பிரித்து, அதை மட்டும் கழிக்கின்றனர். அதற்குத் தொழில் காரணம் தேவையில்லை. அங்கே அளவுகோல் வரியின் இயல்பு. இங்கே வண்டியின் பயன்பாடு.

போலாரம் இன்றும் படைவீரர் வாழும் பகுதி. மேல்நோக்கிய அம்புக்குறி தாங்கிய இராணுவ வண்டிகள், மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்கீழ்த் தனியே பதிவாகின்றன. அவற்றை ஓட்டும் வீரரின் சொந்தக் காருக்கு அச்சலுகை இல்லை. மாற்றலாகி வந்தவர், 12 மாதத்துக்கு மேல் தங்கினால் மறுபதிவு செய்து மீண்டும் வரி கட்டவேண்டும். பழைய மாநிலத்திடம் எஞ்சிய வரியைத் திரும்பக் கேட்டு அலையவேண்டும். இதற்குத் தீர்வாக 2021 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த பாரத் வரிசைப் பதிவு, இரண்டிரண்டு ஆண்டுகளுக்கு வரி செலுத்த வகைசெய்தது. ஆயின் அது சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கும் குறிப்பிட்ட ஊழியர்களுக்கும் மட்டுமே உரியது. தவணையாகக் கட்டும் வசதி, கழிவுக்கு இடமே இல்லாத சம்பளக்காரரைச் சேர்ந்தது. தவணையாகக் கட்டினால் ஆண்டுதோறும் முழுக் கழிவு பெறக்கூடிய கட்டடக் கலைஞருக்கோ ஆயுள் வரிதான் வாய்த்தது.