மலை ஏறிய நண்டு

நம் தங்கச்சிமடத்தில் நண்டு என்றால் வலையில் வருவதுதான். மராட்டியத்தில் தண்டவாளத்தில் ஓடிய நண்டு ஒன்று உண்டு. அதைப் பற்றி எழுத நினைக்கும்போதெல்லாம் என் சித்தப்பா ஞாபகம் வரும்.

சித்தப்பா ரயில்வேயில் ஃபயர்மேன். பாம்பன் பாலத்தில் போகும்போது கடல் காற்று புகையை அடித்துக்கொண்டு போய்விடும். 1970 வாக்கில் செங்கோட்டை – புனலூர் மலைப்பாதைக்கு மாற்றினார்கள். அங்கே குகைக்குள் இன்ஜின் முக்கி முனகி ஏறும்போது புகைக்குப் போக்கிடம் இல்லை. ஈரத்துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு கரி அள்ளிப் போட்டதாகச் சொல்வார். ரிட்டயரான பிறகும் இருமல் அவரை விடவில்லை.

இதே தொல்லை ஸ்விட்சர்லாந்திலும் இருந்தது. அங்கே 1882-ல் திறந்த கோத்தார்டு குகையின் நீளம் 15 கிலோமீட்டர். அந்த நாட்டில் நிலக்கரி கிடையாது. முதல் உலகப் போரில் வரத்தும் குறைந்தது. மலை அருவிகளில் எடுத்த மின்சாரத்தால் ரயிலை ஓட்டினார்கள். நடுவில் கேபின், முன்னும் பின்னும் நீண்ட மூக்கு. வளைவில் உடம்பு மடங்கிக் கொடுக்கும். நான் படித்த பிரெஞ்சுப் பூகோளப் புத்தகத்தில் அதன் படம் இருந்தது. பெயர் ‘க்ரோகோதில்’, அதாவது முதலை.

பம்பாய் – புனே வழியில் உள்ள போர் காட் 1863-ல் திறந்தது. 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம், இருபத்தைந்து குகைகள். அதைக் கட்டும்போது காலராவிலும் விபத்திலும் ஆயிரக்கணக்கான கூலிகள் மாண்டார்கள். 1925 பிப்ரவரி 3-ல் பம்பாய் வி.டி. – குர்லா இடையே நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. 1930-க்குள் மலைப்பாதைக்கும் 1500 வோல்ட் கம்பி வந்துவிட்டது.

அந்த ஏற்றத்தில் சரக்கு இழுக்க 1928 முதல் 41 இன்ஜின்கள் வந்தன. பத்து ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை, மீதி இங்கிலாந்தில். ஒவ்வொன்றும் 2600 குதிரைத்திறன். மோட்டாரின் சக்தியை நீண்ட இரும்புத் தண்டுகள் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும். அந்த இன்ஜினை மராட்டியர்கள் ‘கேக்டா’ என்றார்கள். நண்டு என்று பொருள். இறக்கத்தில் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கிக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும். பிரேக்குக்கும் தேய்மானம் குறையும்.

ஓர் இன்ஜினுக்குப் பம்பாய் கவர்னர் சர் லெஸ்லி வில்சன் பெயரை வைத்தார்கள். அது இன்று டெல்லி ரயில் மியூசியத்தில் நிற்கிறது. போய்ப் பார்த்தேன். தொட்ட கையில் கரி ஒட்டவில்லை.

பம்பாய் மலைக்கு 1930-லேயே மின்சாரம். சென்னையில் பீச் – தாம்பரம் பாதைக்கும் 1931-ல் வந்துவிட்டது. அதற்கு நாற்பது வருஷம் கழித்தும் சித்தப்பா குகைக்குள் கரி அள்ளிக்கொண்டிருந்தார். வழி தெரியாமல் அல்ல. எந்தப் பாதையில் காசு போடலாம் என்ற கணக்கில் அவர் நெஞ்சு சேரவில்லை, அவ்வளவுதான்.