சிறைக்குள் செல்ல அனுமதி: போர்க்காலக் கைதிகளும் ஜெனீவா ஒப்பந்தமும்

போர் நடக்கும் இடத்தில் ஒருவர் பிடித்துச் செல்லப்பட்டால், அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் குடும்பத்தாரின் முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைக்க 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் வழி செய்துள்ளன. போர்க்கைதிகளுக்கு மூன்றாம் ஒப்பந்தத்தின் 126ஆம் பிரிவு, பொதுமக்களுக்கு நான்காம் ஒப்பந்தத்தின் 143ஆம் பிரிவு. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதிகள் கைதிகள் இருக்கும் எல்லா இடங்களுக்கும் செல்லலாம், காவலர் உடனில்லாமல் அவர்களிடம் பேசலாம் என்று இரண்டும் கூறுகின்றன. தவிர்க்கவே முடியாத இராணுவத் தேவை இருந்தால் மட்டும் இதைத் தடுக்கலாம், அதுவும் தற்காலிகமாக. உள்நாட்டுப் போர்களில் இந்த உரிமை இல்லை. அங்கே சங்கம் தன் சேவையை ஏற்கும்படி கேட்க மட்டுமே முடியும்.

சந்திப்பின்போது கைதியின் பெயர் பதிவாகிறது. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். பெயர் பதிவான ஒருவரை, 'அப்படி யாரும் எங்களிடம் இல்லை' என்று பிறகு மறைப்பது கடினம். வீட்டுக்குச் சில வரிகள் எழுதி அனுப்பவும் அவருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

உள்ளே கண்டதைச் சங்கம் ஏன் வெளியே சொல்வதில்லை என்று நம்மில் பலர் கோபப்படுவதுண்டு. சிறை அதிகாரிகளிடம் மட்டுமே அது முறையிடும். வெளியிட்டால் மறுமுறை கதவு திறக்காது என்பது அதன் கணக்கு. இந்த மௌனத்துக்கு விலையும் உண்டு. ஈராக்கின் அபூ குரைப் சிறையில் 2003 அக்டோபரில் கண்ட கொடுமைகளால் பிரதிநிதிகள் சந்திப்பையே இடையில் நிறுத்தி விளக்கம் கேட்டார்கள். உலகம் அதை அறிந்ததோ 2004இல், புகைப்படங்கள் வெளியான பிறகு.

ஃபலஸ்தீனில் 1967 முதல் சங்கம் கைதிகளைச் சந்தித்து வந்தது. 1968 முதல் குடும்பத்தினரைச் சிறைக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாடும் இருந்தது. 2023 அக்டோபர் 7க்குப் பிறகு இஸ்ரேல் இரண்டையும் நிறுத்தியது. காஸாவில் பிணையாக வைக்கப்பட்டிருந்தவர்களைச் சந்திக்கவும் சங்கத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் ஒரு தரப்பு மீறினால் மறுதரப்பும் மீறலாம் என்று ஜெனீவா ஒப்பந்தம் எங்கும் சொல்லவில்லை. இஸ்ரேல் அதை 1951இலேயே ஏற்று உறுதி செய்த நாடு.

தடையை எதிர்த்து இஸ்ரேலிய மனித உரிமை அமைப்புகளே 2024 பிப்ரவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தில் மனு கொடுத்தன. பதில் சொல்ல அரசு மீண்டும் மீண்டும் அவகாசம் கேட்டது. அந்த மாதங்களில் காஸா குடும்பங்கள் பல, விடுதலையாகி வந்தவர்களிடம் படத்தைக் காட்டி, 'இவரை உள்ளே பார்த்தீர்களா?' என்று விசாரித்துக்கொண்டிருந்தன.