தலைக்கு ஓங்கும் கால்: தற்காப்பில் உயர் உதையின் இடம்

உயர் உதை நிஜத் தாக்குதலில் பயன்படுமா என்ற வாதம் எழும்போதெல்லாம் சான்றாகக் காட்டப்படுவது போட்டிக் காணொளிகள்தாம். அவற்றுள் 2022 ஆகஸ்ட் 20 அன்று யூஎஃப்சி 278 கலப்புச் சண்டைப் போட்டியில் லியோன் எட்வர்ட்ஸ், கமாரு உஸ்மானை வீழ்த்திய உதைக்குத் தனி இடம் உண்டு. புள்ளிகளில் பின்தங்கியிருந்த எட்வர்ட்ஸ், இறுதிச் சுற்றில் இடது கையை நீட்டிப் போக்குக் காட்டினார். உஸ்மானின் கவனம் அந்தக் கையில் பதிந்த கணத்தில் எட்வர்ட்ஸின் இடது கால் அவர் தலையைத் தாக்கியது. உயர் உதை மனிதனைச் சாய்க்குமா என்ற ஐயத்துக்கு இதற்குமேல் விடை தேவையில்லை. ஆனால் அந்த உதை விழுந்தது ஐந்தாம் சுற்றின் 4 நிமிடம் 4 விநாடியில். அதற்கு முன் 24 நிமிடங்கள் எட்வர்ட்ஸ் எதிராளியின் தலையசைவையும் கைத்தடுப்பையும் கண்டு பழகியிருந்தார். உடல் சூடேறியிருந்தது, காலடியில் சமதளம், சுற்றிலும் இடம். தாக்கப்படுபவருக்கு இவற்றுள் எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே ஆராய வேண்டியது உதையின் வலிமையன்று, அது பிறக்கத் தேவையான சூழல்.

உயர் உதை செழித்த கலைகளின் விதிகளைப் பார்த்தால் இது தெளிவாகும். கொரியாவின் தேக்கியோன் ஆட்டத்தில் எதிராளியைத் தரையில் சாய்த்தாலோ முகத்தில் காலால் அடித்தாலோ வெற்றி. தலை உதை அங்கே ஆட்டத்தின் இலக்காகவே அமைந்தது. ஒலிம்பிக் டேக்வாண்டோவில் உடம்பில் குத்தினால் 1 புள்ளி, தலையில் உதைத்தால் 3, சுழன்று தலையில் உதைத்தால் 5. முகத்தில் குத்துவதும் எதிராளியைப் பிடிப்பதும் அங்கே தவறுகள். கியோகுஷின் கராத்தேயில் உடம்பில் முழு விசையோடு அடிக்கலாம், தலைக்குக் கால் போகலாம், ஆனால் முகத்துக்குக் கை போகக்கூடாது. காலை உயர்த்துபவருக்கு நேரக்கூடிய இரு பெரும் ஆபத்துகள் முகத்தில் விழும் குத்தும் காலைப் பற்றும் கையும். இவ்விதிகள் அவ்விரண்டையும் விலக்கிவிடுகின்றன. முகக்குத்தும் கால்பிடியும் செல்லும் முவாய் தாயிலும் தலை உதை உண்டு. ஆனால் குத்தாலும் தாழ்ந்த உதையாலும் வழி திறந்த பின்னரே தேர்ந்தவர் அதை எடுக்கிறார்.

ஒகினாவாவின் பழைய கட்டாக்களில், அதாவது கராத்தேயின் வரையறுத்த பயிற்சி வடிவங்களில், உதைகள் பெரும்பாலும் இடுப்பளவிலோ அதற்குக் கீழோ நேராகச் செல்லும் முன்னுதைகள். ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவுக்குக் கொண்டுவந்த கராத்தேயும் இதுவே. அதில் உயர்ந்த பக்க உதையும் வட்ட உதையும் வளர்ந்தது 1930களில், அவர் மகன் யோஷிடாகாவின் காலத்தில். இளைஞர் கூடிப் பயிலும் பயிற்சிக்கூடமும் நேருக்குநேர் மோதும் பயிற்சியும் அவ்வளர்ச்சிக்கு இடமளித்தன. பண்டைப் போர்முறையின் எச்சமாக உயர் உதையைக் காட்டும் வழக்கம் இந்த வரலாற்றோடு பொருந்தவில்லை.

உடலியல் காரணங்களும் எளியவை. ஒரு காலின் எடை உடலெடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அதைத் தலை உயரத்துக்குத் தூக்குகையில் மீதி உடம்பு முழுவதும் ஒரே பாதத்தின் அகலத்தில் நிற்கிறது. வட்ட உதையில் ஊன்றிய பாதம் திரும்பியாக வேண்டும். விரிப்பின் மீது வெறுங்கால் வழுக்கித் திரும்பும். தார்ச்சாலையில் ரப்பர் அடிச் செருப்பு திரும்ப மறுத்தால் முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். ஈரத் தரையானால் பாதமே வழுக்கிவிடும். சூடேறாத தொடைத்தசை, இறுக்கமான ஜீன்ஸ், சேலை, தோளில் பை ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றினும் பெரிய தடை தூரம். உயர் உதைக்குக் காலின் நீளமளவு இடைவெளி வேண்டும். தாக்குபவரோ பேச்சுக் கொடுத்தபடி நெருங்கி, மணிக்கட்டையோ தலைமுடியையோ கழுத்தையோ பற்றிய பிறகே தம் நோக்கத்தைக் காட்டுகிறார். பேருந்து நெரிசலிலும் மாடிப்படியிலும் அந்த இடைவெளி தொடக்கத்திலிருந்தே இல்லை.

1993இல் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சியின் முதல் மோதல் இங்கே கருதத்தக்கது. பிரெஞ்சுக் கால்சண்டையான சவாத்தில் தேர்ந்த ஜெரார்ட் கோர்டோ, சுமோ வீரர் டெய்லா டூலியின் முகத்தில் உதைத்துப் பல்லைப் பெயர்த்தார். ஆனால் அப்போது டூலி பாய்ந்து வந்து நிலைதடுமாறித் தரையில் விழுந்திருந்தார். அவர் தலை கால் எட்டும் உயரத்துக்குத் தாழ்ந்திருந்தது. அப்படியிருந்தும் உடைந்த பல் கோர்டோவின் பாதத்தில் தைத்தது.

வன்முறையை அன்றாடம் சந்தித்தவர்கள் எதைத் தேர்ந்தார்கள்? ஷாங்காய் நகரக் காவல்துறையில் பணியாற்றி, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் கமாண்டோ படையினருக்குப் பயிற்சியளித்த டபிள்யூ. ஈ. ஃபேர்பேர்ன், காலணி விளிம்பால் முழங்காலுக்குக் கீழே உதைக்கக் கற்பித்தார். திரையில் தலைக்கு மேல் கால் சுழற்றிய புரூஸ் லீயும் தம் சண்டை முறையில் எதிராளியின் முழங்காலையும் கணைக்காலையும் நோக்கிய தாழ்ந்த பக்க உதைக்கே முதலிடம் தந்தார். திரைக்கு ஓர் உதை, சண்டைக்கு வேறோர் உதை என அவர் பிரித்து வைத்ததை அவர் ரசிகர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் துணிபு.

மறுதரப்பு வாதங்களில் இரண்டு வலுவானவை. பயிற்சியற்ற தாக்குநர் தலைக்குக் கால் வருமென எதிர்பார்ப்பதில்லை என்பது ஒன்று. உண்மைதான். ஆனால் அந்த எதிர்பாராமை பல்லாண்டு பயின்றவருக்கே கைகொடுக்கும். அத்தகையவர் அதினும் குறைந்த ஆபத்தில் முழங்காலைத் தாக்கவும் வல்லவர். உயரே செல்லும் கால் தாழ்வாக உதைக்கையில் இன்னும் விரைவாகவும் உறுதியாகவும் செல்லும் என்பது மற்றொன்று. இதை முழுமையாக ஏற்கிறேன். களரிப்பயிற்சியில் தலைக்கு மேல் காலை வீசும் அடவுகள் இடுப்பையும் சமநிலையையும் பண்படுத்துகின்றன. பயிற்சியாக உயர் உதைக்குள்ள மதிப்பை மறுக்க எனக்குக் காரணம் இல்லை.

உதை பலித்தாலும் சிக்கல் தீர்வதில்லை. நினைவிழந்து சரிபவரின் தலை சிமெண்ட் தரையில் மோதி உயிர் போகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், பழைய தண்டனைச் சட்டத்தைப் போலவே, தேவைக்கு மிஞ்சிய தீங்கைத் தற்காப்புரிமையில் சேர்ப்பதில்லை.

இந்த ஆய்வுக்கு இன்று நடைமுறைப் பயன் இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரையிலான வகுப்பு மாணவியருக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தரப்படுகிறது. மூன்று மாதத்தில் தலைக்கு உயரும் கால் யாருக்கும் வாய்க்காது. வாய்த்துவிட்டதாக ஒரு மாணவி நம்பினால் அந்த நம்பிக்கையே அவளுக்கு ஆபத்து. அந்த மணிநேரங்கள் குரலெழுப்புவதற்கும், பிடியை உதறுவதற்கும், முழந்தாளில் உதைத்து ஓடுவதற்கும் உரியவை. ஆண்டுவிழா மேடையில் உயர் உதையை நிகழ்த்திக் காட்டட்டும். தற்காப்பு என்ற தலைப்பில் வரும் பாடத்திட்டத்திலிருந்து பயிற்சியாளர்கள் அதை நீக்கிவிட வேண்டும்.