தேரி மண்ணும் சுனை மாங்கனியும்: நாட்டார் வழக்காறுகளுக்கு ஓர் அறிமுகம்

சாத்தான்குளத்துப் பிள்ளைகளுக்குத் தேரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இம்மலர் வெளியூர் வாசகர் கைக்கும் போகும் என்பதால் சொல்கிறேன். இவ்வூருக்குக் கிழக்கே மெய்ஞ்ஞானபுரம், நாசரேத், காயாமொழி என்று போகப் போக, பனைகளுக்கு நடுவே செக்கச் சிவந்த மணல்மேடுகள் எழுந்து நிற்கும். மணல் பரல்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்ததால் வந்த சிவப்பு அது. ஆடி மாதத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே இறங்கும் காற்று இந்த மணலைத் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் கொட்டும். சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு, இத்தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகள் உலகத் தொல்லியலாளர் கவனத்துக்குப் போயின. எழுத்து தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மண்ணில் மனிதர் நடமாடியிருக்கிறார்கள்.

மணல் எப்படி வந்தது என்பதற்கு ஊரார் சொல்லும் விளக்கம் வேறு. மேலப்புதுக்குடிக்கு அருகே தேரிக்குள் இருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலைச் சுற்றி ஒரு கதை வழங்குகிறது. இந்தப் பக்கம் ஒரு காலத்தில் செழித்த நாடாக இருந்ததாம். சுனைக்கரையில் நின்ற மாமரம் அரசனுக்கே உரியது. தண்ணீர் எடுக்கப் போன ஒரு பெண்ணின் குடத்துக்குள் ஒரு கனி விழுந்துவிட்டது. அரசனின் ஆட்கள் தேடி வந்து குடத்தில் கனியைக் கண்டார்கள். திருடி என்று தீர்ப்பாயிற்று, அவளைக் கொன்றார்கள். குற்றமற்றவளின் சாபத்தால் மண்மாரி பெய்து நாடு மூடிப்போக, சுனையை மட்டும் அய்யனார் காத்தாராம். சொல்பவருக்கு ஏற்ப விவரங்கள் மாறும். குடம், கனி, கொலை, மண்மாரி ஆகிய நான்கும் மாறுவதில்லை.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இங்கே நன்னன் நினைவு வரும். குறுந்தொகையின் 292-ஆம் பாட்டில் பரணர் அவன் கதையைச் சொல்கிறார். நீராடப் போன ஒரு பெண், ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றுவிட்டாள். அது நன்னனின் காவல் மரத்துக் காய். எண்பத்தொரு யானைகளையும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையையும் தண்டமாகத் தருவதாகச் சொல்லியும் அவன் இணங்காமல் அவளைக் கொன்றான். பெண்கொலை செய்தவன் என்ற பழி அவன் பெயரோடு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நன்னனின் நாடு மேற்கே கொண்கானம். தேரிக்கும் அதற்கும் நடுவே மலையும் ஆறும் இரண்டாயிரம் ஆண்டுகளும் கிடக்கின்றன. சங்கப் பாட்டிலிருந்து தேரிக்கு வந்ததா, இரண்டுக்கும் முந்திய ஒரு கதையிலிருந்து இரண்டும் கிளைத்தனவா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அரசனின் மரம், தண்ணீரோடு வந்த கனி, அறியாப் பெண், அநியாயக் கொலை என்ற இந்தக் கோவையைத் தமிழர் மறக்க மறுத்திருக்கிறார்கள். நாட்டார் வழக்காற்றியல் என்னும் படிப்பு இத்தகைய மறவாமையைத்தான் ஆராய்கிறது.

மேலை நாட்டில் இப்படிப்புக்குப் பெயரிட்டவர் வில்லியம் தாம்ஸ் என்னும் ஆங்கிலேயர், ஆண்டு 1846. அதற்கு முன்பே, 1812-இல், கிரிம் சகோதரர்கள் ஜெர்மானியக் கதைகளின் முதல் தொகுதியை வெளியிட்டுவிட்டார்கள். 1910-இல் பின்லாந்தின் ஆண்டி ஆர்னே கதைகளுக்கு எண் கொடுத்து அட்டவணை போட்டார். நம்மிடம் இந்த அக்கறை இன்னும் பழையது. விடுகதையைப் பிசி என்றும் பழமொழியை முதுசொல் என்றும் தொல்காப்பியம் இலக்கிய வகைகளில் சேர்த்து எண்ணுகிறது. முன்றுறை அரையனார் பாட்டுக்கு ஒன்றாகப் பழமொழிகளை வைத்து நானூறு வெண்பாக்கள் செய்தார். இருந்தும் சொன்னவன் யார், எந்த இடத்தில், எதற்காகச் சொன்னான் என்று குறித்துவைக்கும் பழக்கம் நமக்குப் பிந்தித்தான் வந்தது. அதை இந்தச் சீமைக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் தலையாயவர் நாங்குநேரியில் 1917-இல் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை. 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969 முதல் ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தினார். வயலிலும் களத்திலும் பாடியவர்களின் பாட்டைத் தேடிப் போய்த் தொகுத்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் பின்னர் எழுந்த நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையமும், பேராசிரியர் தே. லூர்துவின் நூல்களும் அந்தப் பணியை முறையான கல்வியாக்கின.

பழமொழிக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1874-இல் சென்னையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை அச்சிட்டார். டென்மார்க்கிலிருந்து வந்த ஜென்சன் 1897-இல் பொருள் வாரியாகப் பிரித்து இன்னொரு தொகுப்புத் தந்தார். இருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் அகரவரிசையில் நிற்கும் பழமொழிக்குப் பாதி உயிர்தான். “பனையேறுகிறவனை எட்டின மட்டும்தான் தாங்கலாம்” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தளைநாரைக் காலில் மாட்டி, முருக்குத்தடியைச் சாத்தி, பாளை அரிவாளும் கலயமுமாக ஒருவர் ஏறுவதைக் கீழே நின்று பார்த்தவருக்கே அதன் பொருள் முழுசாக விளங்கும். கை எட்டும் உயரம் போனதும், கீழே நிற்பவரால் ஆவது ஒன்றுமில்லை. பிள்ளையைப் படிக்கவைத்துக் கடை வைத்துக் கொடுத்த தகப்பன், நொடித்துப் போன மகனைப் பற்றிப் பேச்சு வரும்போது அதைச் சொன்னால் அதில் வருத்தம் இருக்கும். உதவி கேட்டு வந்தவனிடம் சொன்னால் கைவிரிப்பு. சொல் ஒன்றுதான்; சொல்லும் வாய், கேட்கும் செவி, வேளை மூன்றும் பொருளை மாற்றிவிடுகின்றன.

“தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான்” என்பதும் இம்மண்ணின் கணக்கு. பனை பலன் தரப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். “காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்” என்று வீட்டுக் கிழவி சொல்லும்போது, அந்த வீட்டில் யாரோ அவளை எடுத்தெறிந்து பேசிவிட்டார்கள் என்று அடுத்த வீட்டுக்காரி புரிந்துகொள்வாள். நேரே சொன்னால் சண்டை வரும். பழமொழியில் சொன்னால் முன்னோர் சொன்னதாகிவிடும்.

அண்மைக் காலமாகப் பழமொழிகளைத் ‘திருத்தும்’ ஒரு மோகம் பரவியிருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதில் அம்மி எப்படிப் பறக்கும், அது அம்மை நோயாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். தேரியில் ஆடி மாதம் நின்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். மிகைப்படுத்திச் சொல்வது பாமரரின் கலை. அவர்கள் அறியாமல் சொல்லிவிட்டார்கள் என்று எண்ணிப் படித்தவர்கள் திருத்தப் போவது அந்தக் கலைக்குச் செய்யும் அவமதிப்பு என்றே கருதுகிறேன்.

கதைகளில் நம் வீடுகளில் எல்லோரும் கேட்டது கொழுக்கட்டைக் கதை. மாமியார் வீட்டில் தின்ற பண்டத்தின் பெயரை ஒருவன் சொல்லிக்கொண்டே ஊர் திரும்புகிறான். வழியில் வாய்க்காலைத் தாண்டும்போது “அத்திரிபாச்சா” என்று குதித்ததில் பெயர் மாறிப்போகிறது. அத்திரிபாச்சா செய்து தரத் தெரியவில்லையா என்று பெண்டாட்டியை அடிக்கிறான். கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டதே என்று யாரோ சொல்ல, அவனுக்குப் பெயர் நினைவு வருகிறது. உலகக் கதை அட்டவணையில் இதற்கு 1687 என்ற எண் உண்டு. பெயரை மறந்தவனின் கதை பல நாடுகளில் வழங்குகிறது. நாம் சிறுவயதில் விழுந்து விழுந்து சிரித்த கதை இது. அடிபட்டவளைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

சுனைக்கரைப் பெண்ணுக்காக மண்மாரி பெய்யவைத்த அதே மக்கள்தான் இந்தக் கதையையும் சொன்னார்கள். நாட்டார் வழக்காறு முழுவதும் நல்லது, முன்னோர் சொன்னதெல்லாம் ஞானம் என்று சிறப்பு மலர்களில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. பெர்சிவலின் தொகுப்பை எங்கே திறந்தாலும் பெண்ணையும் சாதியையும் இழித்துப் பேசும் பழமொழிகள் கண்ணில் படும். அவற்றை மறைத்துவிட்டுத் தொகுத்தால், நம் மக்கள் யாரை அடித்தார்கள், யாருக்காக அழுதார்கள் என்ற வரலாறு கிடைக்காமலே போகும்.

இனி நம்பிக்கைகள். கறிச்சோறு கொண்டுபோகும்போது பாத்திரத்தில் கரித்துண்டு போடுவது, கண்ணேறு கழிய உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவது, உச்சிப்பொழுதில் பிள்ளைத்தாய்ச்சியைத் தனியே அனுப்பாதது ஆகியவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். நோய்க்கு மருத்துவரிடம் போகாமல் மந்திரவாதியிடம் போவதைத் தள்ளத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனாலும் ஒரு நம்பிக்கை எங்கே அடர்கிறது என்று பார்ப்பது பயனுள்ள வேலை. மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியலாளர் டிரோபிரியண்ட் தீவுகளில் ஒன்றைக் கண்டார். அமைதியான உப்பங்கழியில் மீன்பிடிக்கும்போது மந்திரம் கிடையாது. ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் சடங்குகள் குவிகின்றன. உயிருக்கு உத்தரவாதமில்லாத இடத்தில் நம்பிக்கை வேர்விடுகிறது. தினமும் நெடும்பனை ஏறியவர்களின் வீட்டிலும், மருத்துவமனை எட்டாத காலத்துப் பேறுகால அறையிலும் அவை செழித்ததில் வியப்பில்லை.

திசையன்விளைக்கு அருகே இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார், இவ்வட்டாரத்துத் தெய்வ வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே எழுதினார். 1849-இல் அவர் வெளியிட்ட சிறுநூல் பனையேறும் சமூகத்தை இழித்துரைத்ததற்கு அச்சமூகத்திலிருந்தே கடும் எதிர்ப்புக் கிளம்பியது. நாசரேத் வட்டாரத்தில் அச்சமூகத்தவரான சட்டாம்பிள்ளை என்பவர் தனித் திருச்சபையே கண்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் கால்டுவெல் பதிவு செய்த ஒரு செய்தி ஆராய்ச்சிக்கு அரியது. 1809-இல் திருவிதாங்கூர் எல்லைச் சண்டையில் காயப்பட்டு இறந்த போல் என்ற ஆங்கிலப் படைத்தலைவரை ஒரு மணற்காட்டில் புதைத்தார்கள். சில காலம் கழித்துப் பார்த்தால், அக்கம்பக்கத்தார் அவர் கல்லறையில் சாராயமும் சுருட்டும் படைத்து வணங்கிக்கொண்டிருந்தார்கள்! பாதிரியாருக்கு இது விந்தையாகப் பட்டது. சொந்தமண்ணை விட்டு வந்து அகாலத்தில் செத்தவனின் ஆசை தீராமல் இருக்குமே என்று மக்கள் எண்ணியது அவருக்குப் புலப்படவில்லை.

தெற்கத்தித் தெய்வங்களில் பெரும்பகுதி இப்படி வந்தவை. காதலனே நகைக்காகக் கொன்றதற்குக் கள்ளிச்செடி ஒன்றே சாட்சியாக நின்றவள் நீலி. மறுபிறவியில் கள்ளிக்கொப்பையே பிள்ளையாக்கி இடுப்பில் தூக்கி வந்து பழி முடித்தாள். இசக்கியாக நிலையம் கொண்டாள். பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியர் குலச் சகோதரியரை மணந்து, மாமனாருக்காக மாடு மேய்த்து, மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு மாண்டவன் பிராமணனான முத்துப்பட்டன். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் செருப்புக் காணிக்கை வருகிறது. அவன் இரவில் அவற்றைப் போட்டுக்கொண்டு காட்டில் நடப்பதால் செருப்புகள் தேய்கின்றன என்பது நம்பிக்கை. அக்கதையின் சில வடிவங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று பின்னால் சேர்த்திருக்கிறார்கள். சாதி கடந்த காதலைப் பொறுக்காதவர்கள் கதைக்குள் கைவைத்த இடம் அது என்று நா. வானமாமலை காட்டினார். முத்துப்பட்டன் கதையை அவர் பதிப்பித்தது இந்தத் துறைக்குக் கிடைத்த பெருஞ்செல்வம்.

இக்கதைகள் உயிர்ப்பது கொடை என்னும் கோயில் விழாவில். பங்குனி உத்திரத்துக்குச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் குடும்பங்கள் தங்கள் சாஸ்தாவைத் தேடி வருவதுபோல, கொடைக்கும் வருகிறார்கள். வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை சூழ வில்லுப்பாட்டு அண்ணாவி கதையை எடுத்து நடத்துவார். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் ஆய்வாளர் பல கொடைகளில் உட்கார்ந்து கேட்டு 1988-இல் எழுதிய நூலில் ஓர் உண்மையைச் சொன்னார். தெய்வமாகவே பிறந்தவர்களின் கதையைவிட, மனிதராகப் பிறந்து கொல்லப்பட்டவர்களின் கதையில்தான் சாமியாட்டம் உச்சம் தொடுகிறது. அந்தக் கொலையைப் பாடும்போது கோமரத்தாடியின் மேல் சாமி இறங்குகிறது. கேட்டிருப்பவர்களுக்கு அது பழைய கதையில்லை. அந்தச் சாவு அந்த நிமிடம் நடக்கிறது.

தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகைக் கடைசியில் கள்ளர் வெட்டு நடக்கும்போதும் இதையே காணலாம். கள்ளனுக்குப் பதிலாக இளநீரை வெட்டுகிறார்கள். அந்த இளநீர் தெறித்த செம்மண்ணை ஆயிரக்கணக்கானோர் முட்டி மோதி அள்ளி மடியில் கட்டி வீட்டுக்கும் வயலுக்கும் கொண்டுபோகிறார்கள். கதை, சடங்கு, நம்பிக்கை என்று பாடநூல் தனித்தனியே பிரிப்பவை மூன்றும் அங்கே ஒரு பிடி மண்ணில் ஒன்றாக இருக்கின்றன.

இப்போது கொடைகள் சுருங்கி வருகின்றன. விடிய விடியப் பாடிய கதை இரண்டு மணி நேரமாகிவிட்டது; இடையில் திரைப்பாட்டும் கேட்கிறார்கள். பதநீர் காய்ச்சிய விடிலிகளோடு, விடிலிக்குள் சொன்ன பேச்சும் குறைந்துவிட்டது. வில்லுப்பாட்டுக் குடும்பங்களில் பாட்டன் எழுதிய நோட்டுகளும் சில வீடுகளில் ஏடுகளும் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றைப் பூசைக்கு வைத்திருப்பவர்கள் வெளியே கொடுக்கத் தயங்குவது இயல்பு, கொடுக்க வேண்டாம். கல்லூரிப் பிள்ளைகள் வீட்டுக்கே வந்து பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொள்ள மட்டும் இசைவு தாருங்கள். பாடினவர் பெயர், கோயில், எந்த வருடத்துக் கொடை என்ற மூன்றையும் நினைவிருக்கும்போதே முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.