வன்னியிற் கூடியாடல்: முன்னூற்றுநாலு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1983ஆம் ஆண்டு யூலை 15ஆந் திகதி, யப்பானின் நின்ரெண்டோ நிறுவனம் 'குடும்பக் கணினி' எனப் பொருள்படும் பெயருடன் ஒரு விளையாட்டுப் பொறியை விற்பனைக்கு விட்டது. அதனோடு இரு கைப்பிடிகள் இணைக்கப்பட்டிருந்தன. இருவர் அருகருகே அமர்ந்து ஒரே திரையை நோக்கி ஆடவேண்டும் என்பதே அவ்வமைப்பின் கருத்து. அதே மாத இறுதியில் இலங்கையின் தெற்கிலும் மலையகத்திலும் வெடித்த வன்செயல்களால் துரத்தப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் பல, வவுனியாவையும் அதற்கு வடக்கேயுள்ள காட்டோரக் குடியேற்றங்களையும் வந்தடைந்தன. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் யாதொரு தொடர்புமில்லை. எனினும், பிறநாட்டு இளைஞரைக் கூட்டிவைத்த திரை விளையாட்டு வன்னியிற் காலூன்றாமைக்கும், அவ்விடத்தைச் சீட்டுக்கட்டு விட்டுக்கொடாமைக்கும் காரணம் தேடுவோர் அம்மாதத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

வன்னியிற் சீட்டாட்டம் என்பது பெரும்பாலும் முன்னூற்றுநாலையே குறிக்கும். ஆடுவோர் நால்வர், எதிரெதிரே இருப்போர் ஒரு கட்சி. சீட்டுகள் 32. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டும் ஏழும் மதிப்பற்றவை. ஆக ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கு 304. முதலில் நான்கு சீட்டுகளே கைக்கு வரும். அவற்றைக் கொண்டே கேள்வி கேட்டு, துரும்பைத் தெரிந்து கவிழ்த்து வைத்தல் வேண்டும். மீதி நான்கும் பின்னரே கிடைக்கும். பாதிக் கையைக் கண்டு வாக்குக் கொடுப்பவன், மறுபாதியையும் எதிரே இருப்பவனையும் நம்பியே கொடுக்கிறான். ஆட்டத்தின் சுவை முழுவதும் இங்கேயே உள்ளது.

ஈழத்துத் தமிழில் வழங்கிவந்த ஆத்தின், கலாவரை, உருவிதன், இஸ்கோப்பன் என்னும் இனப்பெயர்கள் ஒல்லாந்தச் சொற்களின் திரிபுகள். சிங்களத்திலும் இவற்றின் உடன்பிறப்புகளே வழங்குகின்றன. பெயர்களை மட்டும் வைத்து ஆட்டமும் ஒல்லாந்தரிடமிருந்து வந்ததெனத் துணிந்துரைத்தல் பொருந்தாது. ஆயின் நெதர்லாந்தின் கிளாவர்யாஸ் ஆட்டத்தில், துரும்பினத்து ஜாக்கும் ஒன்பதும் ஏனையவற்றை விஞ்சுதலும், ஆசு 11, பத்து 10 எனக் கணிக்கப்படுதலும் தற்செயலெனத் தள்ளத்தக்கனவல்ல. சுவிற்சர்லாந்தில் நாடளாவ ஆடப்படும் யாஸும் இக்குடும்பத்ததே. அங்கு அடைக்கலம் புகுந்த ஈழத்தமிழர், தம் ஆட்டத்தின் தூரத்து உறவினனிடமே சென்று சேர்ந்தனர் எனலாம்.

ஒல்லாந்தர் முல்லைத்தீவிற் கோட்டை அமைத்திருந்தனர்; 1780களில் வன்னியை நேரடி ஆட்சிக்குட்படுத்தி, நாகெல் என்னும் படையதிகாரியை அதற்குப் பொறுப்பாக்கினர். ஆயினும் சீட்டு அக்கோட்டை வாயிலாற் பரவியது என்பதிலும், இருபதாம் நூற்றாண்டில் இரணைமடுக் குளத்தை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடியேற்றவாசிகளோடு வந்தது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பன்றிக்கும் யானைக்கும் விழித்திருந்து வயல் காக்கும் இராக்கள் அவர்களுக்கு நிறைய இருந்தன. காசு வைத்து ஆடும் சூது வேறு, கல் வைத்து எண்ணும் இவ்வாட்டம் வேறு என்பதை ஊர்ப் பெரியோரும் ஓரளவு ஒப்புக்கொண்டனர். பெண்கள் இவ்வட்டத்துக்குப் பெரிதும் புறம்பாகவே இருந்தனர். கொக்கானும் தாயமும் அவர்களுக்குரியனவாயின. இக்குறையைக் கூறாது விடுதல் நேர்மையாகாது.

1990இற் போர் மீண்டும் மூண்டபின் வடபுலத்துக்கான மின்வழங்கல் அற்றது. மின்கலங்களைக் கொண்டுசெல்லல் தடைசெய்யப்பட்டது, மண்ணெண்ணெய் அருமையாயிற்று. வானொலி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து மிதியைச் சுற்றி டைனமோவை இயக்கினர். ஜாம் போத்தலுக்குட் சிறிதளவு எண்ணெயும் பஞ்சுத்திரியும் இட்ட விளக்கே இரவு வெளிச்சம். இந்நிலையில் திரை விளையாட்டுக்கு இடமேது? நால்வருக்கு ஒரு பாயும் ஒரு போத்தல் விளக்கும் போதும். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்தோரிற் பெருந்தொகையினர் வன்னியை நாடினர். 1996இற் கிளிநொச்சியும் வெறிச்சோடியது. எதைச் சுமப்பது, எதை விடுவது என்று மக்கள் தடுமாறிய காலத்திற் சட்டைப்பையில் அடங்கும் விளையாட்டு இது. முழுக்கட்டின் 52இல் 20 சீட்டுகள் ஆட்டத்துக்கு வேண்டப்படாதவை. ஒன்று தொலைந்தால் எஞ்சியவற்றுள் ஒன்றிற் பேனாவாற் குறித்து ஈடுசெய்யலாம். பொறிக்கு இந்த வசதி இல்லை.

2002 பெப்ரவரியில் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது, மின்பிறப்பாக்கிகளின் துணையோடு கணினிகளும் வந்தன. 2006 ஓகஸ்ற்றில் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டது. வவுனியா நகரின் கதை சற்று வேறு; எல்லைக்கு அப்பால் அங்கு மின்சாரமும் கடைகளும் இருந்தன. 2009 மே மாதத்திற் போர் முடிந்தது. செட்டிகுளம் மனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. 2013 செப்ரெம்பரில் யாழ்தேவி மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது. மீளக்குடியேறிய வீடுகளுக்கு மின்சாரம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த வேளையில், ஒரே திரைமுன் இருவர் அமரும் காலம் உலகிற் பெரிதும் கழிந்திருந்தது. பாயிலிருந்து வன்னி நேரே கைபேசிக்குத் தாவியது. இடைப்பட்ட படி அதற்கு வாய்க்கவில்லை. இன்று மதகிற் கூடியிருக்கும் இளைஞர் நால்வரும் ஒரே ஆட்டத்தில் இருக்கலாம்; பார்ப்பதோ நான்கு திரைகளை. முன்னூற்றுநாலிற் கூட்டாளிக்குச் சைகை காட்டல் குற்றம். ஆனால் அவன் முகத்தைப் பாராது ஆடல் இயலாது.

இழவு வீடுகளில் மட்டும் பழைய வழக்கம் தளரவில்லை. பிணம் எடுக்கும்வரை விழித்திருப்போர், பந்தலின் ஓரத்திற் பாயை விரிப்பர். மூவர் சேர்ந்ததும் ஒருவர் சீட்டைக் கலைக்கத் தொடங்குவார். நாலாம் ஆளுக்கு இடம் விட்டிருக்கும்.