திருவக்கரை: மரம் கல்லான வரலாறு

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள ஊர் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலால் பெயர் பெற்றது. ஊருக்குக் கிழக்கே செம்மண் மேட்டில் பெரிய பெரிய அடிமரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. நார் வரிகளும் கணுக்களும் அப்படியே தெரியும். தட்டிப் பார்த்தால் கல்! வக்கிராசுரனின் எலும்புகள் இவை என்பது ஊர் வழக்கு.

இவற்றை 1781ல் முதலில் பதிவு செய்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா. இவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். வேரும் கிளையும் இல்லாததால், வேறெங்கோ வளர்ந்த மரங்கள் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

சரி, மரம் எப்படிக் கல்லாகும்? காற்றுப் படாமல் புதைந்த மரம் எளிதில் மட்காது. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மர அணுக்களுக்குள் புகுந்து படிந்தது. பிறகு மெல்ல மெல்லக் குவார்ட்ஸ் படிகமாக மாறியது. அப்போது நீரில் இருந்த இரும்பு ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்களும் உள்ளே சிக்கிக்கொண்டன. கல்மரத்தின் சிவப்பும் மஞ்சளும் அவை தந்த நிறமே.

வளரும் படிகம் அந்நியத் துகளைத் தள்ளிவிடுவதே வழக்கம். ஆனால் துகள் படிகத்தின் பரப்பில் ஒட்டிக்கொண்டால், மேலே வளரும் அடுக்கு அதை மூடிவிடும். ஆய்வுக்கூடத்தில் கால்சைட் படிகத்துக்குள் நானோ துகள்களை இவ்வாறு பதிப்பதை 2016ல் நுண்ணோக்கியில் நேரடியாகவே கண்டார்கள்.

கல்மரத்தின் சிறப்பு நிறம் மட்டுமல்ல. அதை மெல்லிய வில்லையாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் மர அணுக்களின் அமைப்பு தெரியும். என்ன இன மரம் என்பதை அதைக் கொண்டே சொல்லலாம். தொல்தாவரவியல் அறிஞர் பீர்பால் சாஹ்னி, திருவக்கரையில் கிடைத்த ஊசியிலை மரவகை ஒன்றை 1931ல் இப்படித்தான் மறு ஆய்வு செய்தார். புளி, ஆமணக்குக் குடும்ப மரங்களும் இங்கே இனங்காணப்பட்டுள்ளன.

1940ல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இங்கே தேசியக் கல்மரப் பூங்காவை அமைத்தது. பரப்பு 247 ஏக்கர். இங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுத்துச் செல்லக் கூடாது. அழகுக்காக வீட்டு அலமாரிக்குப் போகும் துண்டு, எந்த மண்ணில், எந்த மரத்தோடு கிடந்தது என்ற செய்தியை இழந்துவிடும். 2 கோடி ஆண்டுகள் காத்த செய்தி ஒரே நாளில் போய்விடும். மீண்டும் எழுத இயற்கைக்கு இன்னும் எத்தனை கோடி ஆண்டுகள் வேண்டுமோ!